பழைய பிக்கப், புது பிக்கப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிக்கப் ஓட்டுகிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும்: "என்ன இருந்தாலும் அந்தக் காலத்து வண்டி மாதிரி வராது." இருபது வருடத்துக்கு மேல் ஒரு பழைய பிக்கப்பை ஓட்டியவன் நான். அதை நானே பிரித்து நானே மாட்டியிருக்கிறேன். இப்போது ஒரு புது வண்டியில் சரக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறேன். அதனால் இந்தச் சந்தேகங்கள் என்னிடம் வந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

என் கட்சி என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வலுவிலும் பாதுகாப்பிலும் புது வண்டி பழசை விட எவ்வளவோ மேல். அதில் போனது கை எட்டும் தூரம். சரக்குக்கும் கை எட்டவில்லை, எஞ்சினுக்கும் எட்டவில்லை, என்ன கோளாறு என்று தெரிந்துகொள்வதும் நம் கையில் இல்லை. கீழே உள்ள பதில்களில் பாதி இதைச் சுற்றித்தான் வரும். அமெரிக்கச் சட்டங்கள் அடிக்கடி வருவதற்குக் காரணம், பெரிய பிக்கப்புகளின் உருவத்தைத் தீர்மானித்தது அந்தச் சந்தைதான்.

1. பிக்கப்னு எதைச் சொல்றீங்க? மேல மூடியிருந்தா எஸ்யூவி, திறந்திருந்தா பிக்கப், அவ்வளவுதானே?

பார்வைக்கு அவ்வளவுதான். வித்தியாசம் அடியில் இருக்கிறது. ஏணி மாதிரி இரண்டு நீளச் சட்டங்கள், நடுவே குறுக்குச் சட்டங்கள். இதுதான் சேசிஸ். அதன் மேல் ஆள் உட்காரும் கேபின் தனியாகவும், சரக்கு ஏற்றும் லோடு பாடி தனியாகவும் உட்கார்ந்திருக்கும். பின்னால் பெரும்பாலும் லீஃப் ஸ்பிரிங். காலியாகப் போகும்போது குதிக்கும், லோடு ஏறியதும் அமைதியாகிவிடும். ஃபோர்டின் எஃப் வரிசை 1948-லும் டொயோட்டா ஹைலக்ஸ் 1968-லும் வந்தன. இன்றைக்கும் இரண்டும் சேசிஸ் மேல் கட்டிய வண்டிகள்தான்.

இந்தப் பக்கத்தில் "பழசு" என்றால் 1970 முதல் 1990-களின் நடுப்பகுதி வரை வந்தவை. "புதுசு" என்றால் 2010-க்குப் பிறகு வந்தவை. இடையில் உள்ளவை இரண்டுங்கெட்டான். அவற்றில் சில அருமையான வண்டிகள் உண்டு. கேள்வி 15-ல் சொல்கிறேன்.

2. எல்லா வண்டியும் ஏன் இப்படி யானை மாதிரி வளர்ந்து போச்சு? எனக்குச் சின்னதா ஒண்ணு போதும்னா கிடைக்கவே மாட்டேங்குதே?

மூன்று காரணங்கள். முதலாவது வரி. அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு மேற்கு ஐரோப்பிய நாடுகள் வரி போட்டதற்குப் பதிலடியாக, 1964-ல் இறக்குமதி செய்யப்படும் சிறு டிரக்குகளுக்கு அமெரிக்கா 25 சதவீத வரி விதித்தது. கோழித் தகராறு எப்போதோ தீர்ந்துவிட்டது. டிரக் மீதான வரி மட்டும் அப்படியே தங்கிவிட்டது. வெளிநாட்டிலிருந்து மலிவான சின்ன பிக்கப் வந்து போட்டி போடும் வாய்ப்பு அதோடு சுருங்கியது.

இரண்டாவது எரிபொருள் விதி. 2011 மாடல் முதல், ஒரு டிரக் எவ்வளவு மைலேஜ் தர வேண்டும் என்ற இலக்கு அதன் நான்கு சக்கரங்களுக்கு இடையே உள்ள பரப்பளவை வைத்துக் கணக்கிடப்படுகிறது. பரப்பு பெரிதானால் இலக்கு தளரும். சின்ன பிக்கப்புக்கு இலக்கு கடுமை. அதைத் தொட ஆகும் செலவை மலிவான வண்டியின் விலையில் ஏற்ற முடியாது. வண்டியைப் பெரிதாக்குவது கம்பெனிக்கு எளிதாகிவிட்டது.

மூன்றாவது நாம்தான். சரக்குக்கு ஒரு வண்டி, குடும்பத்துக்கு ஒரு வண்டி என்று இருந்தது போய், இரண்டுக்கும் ஒன்றே போதும் என்று வாங்கத் தொடங்கினோம். நாலு கதவு, அகலமான பின்சீட், தோல் இருக்கை எல்லாம் வந்தன. அப்படிப்பட்ட வண்டியில் கிடைக்கும் லாபம், இரண்டு கதவு வேலை வண்டியில் கிடைக்காது.

3. வண்டி இவ்வளவு பெருசு, ஆனா பின்னாடி ஒரு பிளைவுட் பலகை படுக்க மாட்டேங்குது. இது என்ன கணக்கு?

கேபின் நீண்டது, லோடு பாடி சுருங்கியது. அவ்வளவுதான் கணக்கு. பழைய முழு அளவு பிக்கப்பில் இரண்டு கதவு கேபினும் 8 அடி பாடியும் சர்வசாதாரணம். 8-க்கு 4 அடி பலகை உள்ளே படுத்துவிடும், பின்கதவும் மூடும். இன்று அதிகம் விற்கும் நாலு கதவு மாடல்களில் பாடி ஏறக்குறைய 5.5 அடி. பலகை இரண்டரை அடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். 8 அடி பாடி இப்போதும் சில மாடல்களில் உண்டு. கேட்டு வாங்க வேண்டும், காத்திருக்கவும் வேண்டும்.

என்னை அதிகம் வருத்துவது நீளம் குறைந்ததை விட உயரம் கூடியது. என் பழைய வண்டியின் பக்கத்தில் நின்றால் பாடியின் விளிம்பு என் நெஞ்சுக்குக் கீழே இருக்கும். கையை உள்ளே விட்டால் தரையில் கிடக்கும் ஸ்பேனரை எடுத்துவிடலாம். மூட்டையை இடுப்புக்குத் தூக்கி, ஒரு திருப்பு திருப்பினால் உள்ளே விழும். இப்போதைய வண்டியில் விளிம்பு தோளுக்கு வருகிறது. உள்ளே உருண்டுபோன ஒரு சின்னப் பொருளை எடுக்க, பின்கதவைத் திறந்து, ஏறி, குனிந்து போய் எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும். ஒரு நாளைக்கு முப்பது தடவை இப்படி ஏறி இறங்குகிறவர்களின் முழங்காலைக் கேட்டால் தெரியும். பின்கதவில் மடக்குப் படி, பம்பரில் கால் வைக்கும் குழி, பக்கவாட்டில் ஏணிப்படி என்று கம்பெனிகள் தருகின்றன. நல்ல உதவிதான். வண்டியைத் தாழ்வாகக் கட்டியிருந்தால் அவை தேவைப்பட்டிருக்காது.

4. முன்னாடி பானெட் சுவர் மாதிரி நிக்குது. எதிர்ல குழந்தை நின்னா தெரியுமா?

தெரியாது. இதில் மழுப்ப ஒன்றுமில்லை. செங்குத்தான, உயர்ந்த பானெட்டுக்கு முன்னால் சில அடி தூரம் முழுக்கக் குருட்டு இடம். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு ஆய்வு நிறுவனம் 2023 நவம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, பானெட் 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டிகள், 30 அங்குலமோ அதற்குக் குறைவாகவோ இருந்து சரிந்த முகப்பும் கொண்ட வண்டிகளை விட, மோதும்போது பாதசாரியைக் கொல்லும் வாய்ப்பு ஏறக்குறைய 45 சதவீதம் அதிகம். தாழ்ந்த வண்டி காலில் இடிக்கும், ஆள் பானெட் மேல் சாய்வார். உயர்ந்த வண்டி நெஞ்சிலும் தலையிலும் இடிக்கும், ஆள் கீழே விழுவார்.

பின்பக்கக் கேமரா 2018 மே முதல் அமெரிக்காவில் கட்டாயம். முன்பக்கத்துக்கு அப்படி ஒரு விதி இல்லை. வாங்கும்போது முன் கேமரா இருக்கும் மாடலைக் கேளுங்கள். இல்லாவிட்டால் வெளியில் வாங்கியாவது மாட்டுங்கள். சீட்டை முடிந்த அளவு உயர்த்தி வையுங்கள். குழந்தைகள் விளையாடும் இடத்திலிருந்து கிளம்பும்போது வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்துவிட்டு ஏறுங்கள். நான் தினமும் செய்கிறேன்.

5. பழைய வண்டிய நானே பிரிச்சு மேய்ஞ்சேன். புதுசுல பானெட்டைத் திறந்தா பிளாஸ்டிக் மூடிதான் தெரியுது. நம்மால ஒண்ணுமே செய்ய முடியாதா?

செய்யலாம், ஆனால் முன்போல எல்லாவற்றையும் அல்ல. முதல் தடை இடம். வரிசையாக ஆறு சிலிண்டர் நிற்கும் பழைய எஞ்சினின் இரண்டு பக்கமும் கீழே தரை தெரியும். ஃபெண்டர் மேல் உட்கார்ந்து, காலை உள்ளே தொங்கவிட்டுக்கொண்டு ஸ்பார்க் பிளக் மாற்றியிருக்கிறேன். புது வண்டியில் அதே இடத்தில் டர்போக்கள், காற்றைக் குளிரவைக்கும் குழாய்கள், கை நுழையாத அளவுக்கு வயர்க் கட்டுகள்.

ஹெட்லைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 1940 முதல் 1983 வரை குறிப்பிட்ட சில தர அளவுகளில்தான் ஹெட்லைட் இருக்க வேண்டும் என்று விதியே இருந்தது. என் பழைய வண்டியில் இருந்தது 7 அங்குல வட்ட விளக்கு. வளையத்தைப் பிடித்திருக்கும் சின்ன ஸ்க்ரூக்களைக் கழற்ற வேண்டும், வெளிச்சத்தின் திசையை வைக்கும் இரண்டு ஸ்க்ரூக்களைத் தொடக்கூடாது, பின்னால் இருக்கும் மூன்று முள் பிளக்கை உருவ வேண்டும். மழையில், ஒரு கையில் டார்ச் பிடித்துக்கொண்டு, பத்து நிமிடத்தில் மாற்றியிருக்கிறேன். இப்போதைய வண்டியில் விளக்கு போனபோது முன் பம்பர் மூடியையே கழற்ற வேண்டியிருந்தது. உள்ளே பல்பு என்று தனியாக ஒன்று இல்லை, எல்இடி முழுக்க ஒரே துண்டு. பாதி நாள் போனது.

கம்ப்யூட்டரைப் பற்றி நல்லதும் சொல்ல வேண்டும். 1996 மாடல் முதல் அமெரிக்காவில் எல்லாக் கார்களிலும் சிறு டிரக்குகளிலும் ஓபிடி-2 என்ற ஒரே மாதிரி சாக்கெட் கட்டாயம். சாதாரண ஸ்கேனர் ஒன்றைச் செருகினால் பி0301 என்று காட்டும்: முதல் சிலிண்டரில் எரிப்பு தவறுகிறது. கார்புரேட்டர் காலத்தில் இதைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு வயராகப் பிடுங்கிப் பார்த்தோம். தொல்லை அதற்கு அப்பால்தான். பாகத்தை மாற்றிய பிறகு, புதுப் பாகத்தை வண்டிக்கு "அறிமுகம்" செய்ய கம்பெனி மென்பொருள் வேண்டும் என்ற நிலை வந்திருக்கிறது. மாசசூசெட்ஸ் மாநிலம் 2012-ல் பழுதுபார்க்கும் உரிமைச் சட்டம் கொண்டுவந்தது. வண்டி கம்பியில்லாமல் கம்பெனிக்கு அனுப்பும் தகவலும் உரிமையாளருக்குக் கிடைக்க வேண்டும் என்று 2020-ல் மக்கள் வாக்களித்தார்கள். வண்டிக்குக் காசு கொடுத்தவருக்கு அதன் கோளாறைத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

6. பின்லைட்டுக்கு எல்இடி பல்பு போட்டேன். டாஷ்போர்டு முழுக்க எச்சரிக்கை விளக்கு. பல்புக்கும் பிரேக்குக்கும் என்ன சம்பந்தம்?

பழைய வண்டியில் சுவிட்சிலிருந்து பல்புக்கு நேராக ஒரு வயர் போகும். புது வண்டியில் சுவிட்ச் ஒரு கம்ப்யூட்டரிடம் சொல்லும், அது இன்னொன்றிடம் சொல்லும், அது பல்புக்கு மின்சாரம் விடும். இரண்டே வயரில் எல்லாக் கம்ப்யூட்டர்களும் பேசிக்கொள்ளும் இந்த முறையின் பெயர் கேன் பஸ். பாஷ் நிறுவனம் 1986-ல் அறிமுகப்படுத்தியது. எல்இடி மிகக் குறைந்த மின்சாரம் இழுப்பதால் பல்பு எரிந்துபோய்விட்டது என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்கிறது. டிரெய்லரைக் கவனிக்கும் கம்ப்யூட்டரும், வண்டி சறுக்காமல் பார்த்துக்கொள்ளும் நிலைப்புக் கட்டுப்பாடும் அதே பேச்சைக் கேட்பதால் அவையும் சேர்ந்து விளக்கு போடலாம்.

கேன் பஸ்ஸுக்கு ஏற்றது என்று குறிப்பிட்ட பல்பு வாங்குங்கள், அல்லது பழைய வகையையே போடுங்கள். கூடுதல் விளக்கு மாட்டும்போது இருக்கிற வயரைச் சுரண்டி இணைக்கவே வேண்டாம். பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ரிலே வைத்துத் தனியாக இழுங்கள்.

7. டீசல் வண்டி. டிபிஎஃப் லைட் எரிஞ்சுக்கிட்டே இருக்கு, யூரியா ஊத்தச் சொல்லுது. எல்லாத்தையும் கழட்டி எறிஞ்சா வண்டி பறக்கும்னு மெக்கானிக் சொல்றார். செய்யலாமா?

செய்யாதீர்கள். முதலில் அவை என்ன வேலை செய்கின்றன என்று பாருங்கள். டிபிஎஃப் என்பது புகையில் வரும் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி. நிறைந்ததும் எஞ்சின் கூடுதல் டீசலை அனுப்பி, 600 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி, கரியை எரித்துச் சாம்பலாக்கும். அதற்கு வண்டி இருபது முப்பது நிமிடம் நிற்காமல் ஓட வேண்டும். நீங்கள் பத்து நிமிடம் ஓட்டி அணைத்தால், எரிப்பு பாதியில் நின்றுவிடும். இப்படியே பத்து தடவை நடந்தால் விளக்கு எரியாமல் என்ன செய்யும்? போதாக்குறைக்கு, பல எஞ்சின்களில் எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக எஞ்சின் ஆயிலில் கலந்து அதை நீர்த்துவிடும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறியிருந்தால் அதுதான் காரணம். உடனே ஆயிலை மாற்றுங்கள்.

யூரியாக் கரைசல் வேறு வேலைக்கு. 32.5 சதவீதம் யூரியா, மீதி சுத்திகரித்த நீர். நைட்ரஜன் ஆக்சைடுகளைச் சாதாரண நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றும். மைனஸ் 11 டிகிரியில் உறைந்துவிடும் என்பதால் தொட்டிக்குள் ஹீட்டர் இருக்கும். அந்த ஹீட்டரும் அதன் சென்சாரும்தான் அடிக்கடி போகின்றன. தீர்ந்துபோனால் வண்டி வேகத்தைக் குறைக்கும், பிறகு ஸ்டார்ட் ஆகவே விடாது. வேலை நடுவில் இப்படி நின்றுபோகிறவரின் கோபம் எனக்குப் புரிகிறது, நானும் நின்றிருக்கிறேன்.

ஆனாலும் கழற்றக்கூடாது. பல நாடுகளில் அது சட்டக் குற்றம். அதைவிட முக்கியம், பழைய டீசல் வண்டியின் பின்கதவில் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு கரி படிந்திருக்கும். பின்னால் வந்தவர்கள் சுவாசித்ததும் அதைத்தான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012-ல் டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்குவது என்று வகைப்படுத்தியது. உங்கள் ஓட்டம் முழுக்கக் குறுந்தூரம் என்றால் சரியான தீர்வு பெட்ரோல் வண்டி வாங்குவது. டீசலே வேண்டுமென்றால் வாரத்துக்கு ஒரு முறை அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டுங்கள்.

8. அப்ப எஞ்சின் பெருசா இருக்கும். இப்ப சின்ன எஞ்சின், ரெண்டு டர்போ. நம்பி லோடு ஏத்தலாமா?

ஏற்றலாம். ஃபோர்டின் 4.9 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின் 1965 முதல் 1996 வரை டிரக்குகளில் வந்தது. டைமிங் செயினோ பெல்ட்டோ கிடையாது, கேம்ஷாஃப்டைப் பல்சக்கரமே சுற்றும். உழைப்புக்குப் பேர் போனது. கடைசிக் காலத்தில்கூட அதன் சக்தி 150 குதிரைத்திறன். இன்று 2.7 லிட்டர் எஞ்சின் இரண்டு டர்போவோடு 300-ஐத் தாண்டுகிறது. ஏற்றத்தில் லோடோடு போகும்போது வித்தியாசம் உடனே தெரியும்.

அதற்கு நாம் கொடுப்பது கவனம். நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் எஞ்சின்களில் உள்வால்வுகள் மேல் பெட்ரோல் படாது, அதனால் அவற்றில் கரி படியும். சில கம்பெனிகள் பழைய முறை இன்ஜெக்டரையும் கூடவே வைத்து இதைச் சரிசெய்திருக்கின்றன. அப்படிப்பட்டதாகப் பார்த்து வாங்குங்கள். எட்டு சிலிண்டரில் நாலை அணைத்து ஓடும் முறையில் வால்வைத் தூக்கும் லிஃப்டர் என்ற சின்னப் பாகம் போவது தெரிந்த வியாதி. ஆயில் அழுத்தத்தால் இயங்கும் பாகம் அது, ஆயில் கெட்டால் முதலில் அடி வாங்கும். கையேட்டில் போட்டிருக்கும் கிலோமீட்டருக்கு முன்பே ஆயில் மாற்றுங்கள், லோடு இழுக்கிறவர்கள் இன்னும் சீக்கிரம். நின்றால் தானாக அணையும் ஸ்டார்ட்-ஸ்டாப் பிடிக்காதவர்கள் பட்டனை அழுத்தி நிறுத்திக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் அழுத்த வேண்டியிருக்கும்.

9. ஏசி குறைக்கக்கூட டச் ஸ்கிரீன்ல தேடணும். கையுறை போட்டிருந்தா அதுவும் வேலை செய்யாது. இதை யாரு கேட்டா?

நாம் கேட்கவில்லை. ஒரு திரைக்குள் எல்லாவற்றையும் அடக்குவது பட்டன்களும் வயரும் தருவதை விட கம்பெனிக்குச் சிக்கனம். காற்று திரும்பத் தொடங்கியிருக்கிறது. புதுக் கார்களின் பாதுகாப்பைச் சோதித்து மதிப்பெண் தரும் யூரோ என்கேப் அமைப்பிடம் முழு மதிப்பெண் வேண்டுமென்றால், 2026 முதல் இண்டிகேட்டர், ஹசார்டு, ஹார்ன், வைப்பர், அவசர அழைப்பு ஆகியவற்றுக்குத் தனிப் பட்டனோ நெம்போ இருக்க வேண்டும். வாங்கும் முன் கையுறை போட்டுக்கொண்டு ஷோரூமில் உட்கார்ந்து எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள்.

10. அலுமினிய பாடின்னா நசுங்கிடாதா?

ஃபோர்டு எஃப்-150 2015 மாடலில் அலுமினிய பாடிக்கு மாறியது. சேசிஸ் இரும்புதான். எடை குறைந்தது, செந்துரு பிடிக்காது. கற்களை மேலிருந்து கொட்டினால் பள்ளமோ கிழிசலோ விழலாம், அடியில் தடிமனான ரப்பர் விரிப்பு போடுங்கள். ஒட்டு வேலை எல்லாப் பட்டறையிலும் நடக்காது, தனிக் கருவி வேண்டும். காந்த அடியுள்ள வேலை விளக்கு ஒட்டாது, அதற்கு வேறு வழி பார்த்துக்கொள்ளுங்கள்.

11. அந்தக் காலத்துத் தகரம் தடிமன், இடிச்சா எதிர்ல வர்றதுதான் நொறுங்கும்னு அப்பா சொல்வார். பழசுதானே பாதுகாப்பு?

இல்லை. பழைய வண்டிமேல் எனக்கு இருக்கும் பாசத்தை மீறிச் சொல்கிறேன். கேள்வி 4-ல் சொன்ன அதே நிறுவனம் 2009-ல் 1959-ஆம் ஆண்டு செவ்ரோலே பெல் ஏர் காரையும் 2009-ஆம் ஆண்டு செவ்ரோலே மாலிபு காரையும் நேருக்கு நேர் மோதவிட்டது. பழைய காரின் கேபினே சரிந்தது. அதில் உட்கார்ந்திருந்தவர் பொம்மையாக இல்லாமல் மனிதராக இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார். புதுக் காரில் இருந்தவர் சின்னக் காயத்தோடு தப்பியிருப்பார். அவை கார்கள்தான், ஆனால் பிக்கப்புக்கும் விதி அதேதான். தகரம் நசுங்காவிட்டால் அந்த அடி உள்ளே இருக்கும் உடம்புக்குப் போகும்.

வண்டி சறுக்கும்போது சக்கரம் சக்கரமாகப் பிரேக் பிடித்து நேராக்கும் நிலைப்புக் கட்டுப்பாடு 2012 மாடல் முதல் அமெரிக்காவில் கட்டாயம். காலி பிக்கப்பின் பின்பக்கம் எடையே இல்லாமல் ஈரத் தார்ச்சாலையில் எப்படி வீசும் என்று பழைய வண்டிக்காரர்களுக்குத் தெரியும். எனக்கு ஒரு முறை வண்டி முழுதாகச் சுற்றி நின்றது. எதிரில் யாரும் வராததால் இதை எழுதுகிறேன்.

12. எங்க வீட்டு வண்டி 30 வருஷம் ஓடிச்சு. இப்ப வர்றது பத்து வருஷம் தாங்குமா?

இன்று நாம் சாலையில் பார்க்கும் பழைய வண்டிகள் பிழைத்து நிற்பவை. துரு தின்று பழைய இரும்புக்குப் போனவை யார் கண்ணிலும் படுவதில்லை. அந்தக் காலத்து ஓடோமீட்டர்கள் பலவற்றில் ஐந்தே இலக்கம்: 99,999-க்குப் பிறகு மறுபடி பூஜ்யம். அதற்கு மேல் ஓடும் என்று செய்தவர்களே பெரிதாக எதிர்பார்க்கவில்லை. இன்று ஒழுங்காகப் பராமரித்த வண்டி மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடினால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை.

என் கவலை அதற்குப் பிறகு வருவது. பழைய வண்டியில் ஒரு புஷ்ஷோ பின்னோ கிடைக்காவிட்டால் லேத்தில் கொடுத்துக் கடைந்து வாங்கலாம். என் வண்டியின் கிளட்ச் நெம்பு ஒன்று அப்படிச் செய்ததுதான், கடைசி வரை ஓடியது. இருபது வருடம் கழித்து ஒரு கம்ப்யூட்டர் பெட்டி போய், கம்பெனியும் அதைச் செய்வதை நிறுத்திவிட்டால், லேத்தில் கடைய முடியாது. எஞ்சின் நன்றாக இருக்கும்போதே வண்டி நின்றுவிடும்.

13. விளம்பரத்துல 5 டன் இழுக்கும்னு போட்டிருக்கு. 4 டன் டிரெய்லர் மாட்டினேன், குடும்பத்தோட கிளம்பினேன், பின்பக்கம் உட்கார்ந்துடுச்சு. ஏமாத்திட்டாங்களா?

எண் பொய்யில்லை, அது உங்கள் வண்டியின் எண் இல்லை. விளம்பரத்தில் வருவது குறைந்த எடையுள்ள, அதற்கென்றே சரியான எஞ்சினும் ஆக்சில் விகிதமும் உள்ள மாடலுக்கானது. உங்கள் வண்டிக்கான எண் ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கிறது: ஆட்களும் சரக்கும் சேர்த்து எவ்வளவு ஏற்றலாம் என்று.

டிரெய்லரின் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கி வழியாக வண்டியின் மேல் அழுத்தும். 4,000 கிலோ டிரெய்லர் என்றால் 400 முதல் 600 கிலோ. ஸ்டிக்கரில் 700 கிலோ என்று இருந்து, ஐந்து பேர் 75 கிலோ வீதம் 375 கிலோ உட்கார்ந்தால் மிச்சம் 325. டிரெய்லருக்குக் குறைந்தது 400 வேண்டும், கொக்கியில் மாட்டியதுமே கணக்கு உடைந்துவிடும். கேள்வி 2-ல் சொன்ன தோல் இருக்கை, கண்ணாடிக் கூரை, பெரிய டயர் எல்லாமே இந்த 700-லிருந்து ஏற்கெனவே கழிந்தவை. அதனால்தான் ஒரே மாடலில் விலை உயர்ந்த வண்டி குறைவாகச் சுமக்கிறது. கொக்கியில் எடை குறையட்டும் என்று டிரெய்லரின் பின்பக்கம் சரக்கை நகர்த்தாதீர்கள். வேகத்தில் வால் ஆடத் தொடங்கும், பிடிக்க முடியாது.

14. சிக்கல் இல்லாத, எளிமையான புது வண்டி உலகத்துல எங்கயாவது இருக்கா?

இருக்கிறது, பெரும்பாலும் அமெரிக்காவுக்கு வெளியே. டொயோட்டா லேண்ட் குரூசர் 70 வரிசை 1984-ல் வந்தது. அதன் பிக்கப் இன்றும் சுரங்கம், பண்ணை, நிவாரணப் பணிகளில் உழைக்கிறது. அதே நிறுவனம் 2023 நவம்பரில் தாய்லாந்தில் ஹைலக்ஸ் சாம்ப் என்ற வண்டியைக் கொண்டுவந்தது. தட்டையான தளம், அதில் வேண்டியதை மாட்டிக்கொள்ள முன்கூட்டியே போட்ட போல்ட் துளைகள். ஜப்பானின் கேய் டிரக் 3.4 மீட்டர் நீளத்துக்குள், 660 சிசி எஞ்சினோடு 350 கிலோ சுமக்கும். பாடியின் இரு பக்கக் கதவுகளும் பின்கதவும் மடங்குவதால் எந்தப் பக்கமிருந்தும் ஏற்றலாம். விளிம்பு இடுப்புக்குத்தான் வரும். கேள்வி 3-ல் நான் வருந்தியதற்கு அதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. அமெரிக்காவில் 25 வருடம் பழசானதைத்தான் பாதுகாப்பு விதிகளிலிருந்து விலக்கோடு இறக்குமதி செய்யலாம். நெடுஞ்சாலை வேகத்துக்கு அது ஏற்றதும் இல்லை.

கார் அடித்தளத்தில் கட்டிய ஃபோர்டு மேவரிக் 2021-ல் வந்தது. பாடி 4.5 அடிதான், ஆனால் தாழ்வு, கை எட்டும். இவை எதுவும் கிடைக்காவிட்டால், பெரிய பிக்கப்புகளிலேயே ஒப்பந்தக்காரர்களுக்கென்று விற்கும் அடிப்படை மாடலைக் கேளுங்கள். ரப்பர் தரை, இரண்டு கதவு, நீளப் பாடி. ஷோரூமில் நிற்காது, சொல்லித்தான் வரவழைக்க வேண்டும்.

15. பேசாம பழசு ஒண்ணு வாங்கிப் புதுப்பிச்சுடலாமா?

சேசிஸ் நன்றாக இருந்தால் வாங்கலாம். எஞ்சின், கியர்பாக்ஸ், பெயிண்ட் எல்லாம் சரிசெய்யலாம். சேசிஸ் அரித்திருந்தால் அழகான பெயிண்டைப் பார்த்து மயங்க வேண்டாம். அடியில் படுத்து, லீஃப் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடங்களைச் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும், அரித்தது மத்தென்று சொல்லும். சந்தேகம் வந்தால் ஸ்க்ரூடிரைவரால் குத்துங்கள். புதிதாகக் கறுப்பு பெயிண்ட் அடித்த சேசிஸ் என்றால் இன்னும் பலமாகக் குத்துங்கள். பிரேக் குழாய்களை விரலால் தடவுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் வரும் முன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டு வாருங்கள்.

எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை இளக்கிவிடும், வாங்கியதும் எல்லாவற்றையும் மாற்றுங்கள். மூன்று முனை பெல்ட் இல்லாத சீட்டில் குழந்தையை உட்காரவைக்காதீர்கள். தினசரி ஓட்டத்துக்கும் குடும்பத்துக்கும் என்றால், 1990-களின் கடைசியிலிருந்து 2000-களின் நடுப்பகுதி வரை வந்த வண்டிகளைப் பாருங்கள். ஏர்பேக் உண்டு, ஓபிடி-2 உண்டு, பானெட்டுக்குள் கை நுழையும்.

16. எங்கிட்ட இருக்கிறது புது வண்டிதான். மாத்த வழியில்ல. தொல்லை குறைய என்ன செய்யணும்?

ஒரு ஸ்கேனர் வாங்கி டாஷ்போர்டு பெட்டியில் போட்டு வையுங்கள். விளக்கு எரிந்ததும் எண்ணைக் குறித்துக்கொண்டு பட்டறைக்குப் போனால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். "ஆயுசுக்கும் மாற்ற வேண்டாம்" என்று சொல்லும் கியர்பாக்ஸ் ஆயிலை லோடு இழுக்கும் வண்டியில் மாற்றியே ஆக வேண்டும். டிப்ஸ்டிக் இல்லாததால் வண்டியைத் தூக்கி, சரியான வெப்பத்தில் மட்டம் பார்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். பேட்டரி பலவீனமானால் முதலில் வருவது சம்பந்தமில்லாத எச்சரிக்கைகள். ஐந்தாறு விளக்கு ஒன்றாக எரிந்தால் மற்றதைப் பிரிக்கும் முன் பேட்டரியைச் சோதியுங்கள்.

பேட்டரி முழுக்க இறங்கிவிட்டால் மின்சார ஹேண்ட்பிரேக் விடாது, ரிமோட் கதவைத் திறக்காது. ரிமோட்டுக்குள் ஒரு சின்ன உலோகச் சாவி ஒளிந்திருக்கும். அதை உருவி எடுக்கும் இடம், கதவுக் கைப்பிடியில் மூடிக்குக் கீழே இருக்கும் சாவித் துளை, ரிமோட்டின் சின்ன பேட்டரி போனால் வண்டியை ஸ்டார்ட் செய்ய அதை எந்த இடத்தில் வைத்துப் பிடிக்க வேண்டும் என்பது, மூன்றும் கையேட்டில் இருக்கின்றன. இன்று மாலையே வண்டியை வாசலில் நிறுத்திவைத்து மூன்றையும் ஒரு தடவை செய்து பாருங்கள். வண்டியை வீட்டில் வேறு யாராவது ஓட்டுவார்கள் என்றால் அவர்களையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.